வகுப்பதா, நடத்துவதா?

முகாமைத்துவ ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேரும் இளையவர் ஆரம்பத்திலேயே இரண்டு பிரிவுகளில் ஒன்றைத் தேர வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகம் மூலோபாயம் என்றும் அலுவலகப் பேச்சு ஸ்ட்ராடஜி என்றும் சொல்வது ஒன்று. எந்தச் சந்தைக்குப் போவது, எந்த நிறுவனத்தை வாங்குவது, எந்தத் தொழிலைக் கைவிடுவது என்று மேல்மட்டத்துக்கு எடுத்துச் சொல்லும் வேலை அது. சில வாரங்கள் எண்களோடு மல்லுக்கட்டி, பணிப்பாளர் சபை முன்னால் ஸ்லைட்டுகளை விரித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடலாம். மற்றது ஒப்பரேஷன்ஸ். இயந்திரம் ஏன் அடிக்கடி நிற்கிறது, களஞ்சியத்தில் சரக்கு ஏன் தேங்குகிறது, லொறி ஏன் பாதி வெறுமையாகத் திரும்புகிறது என்று பார்த்து, அதைச் சீராக்கும்வரை மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் வேலை. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ புங்குடுதீவிலோ வேர் உள்ள பிள்ளைகள் இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இந்தத் தேர்வைச் செய்கிறார்கள். பெரும்பாலானோர் முதலாவதையே விரும்புகிறார்கள், கிடைக்காதவர்கள் இரண்டாவதற்குப் போகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பது என் கருத்து. தொழிலின் முதல் ஐந்தாறு வருடங்களுக்காவது நடத்தும் பக்கத்தில் நிற்பதே நல்லது. இதற்கு வலுவான ஆதாரங்கள் சில அந்த ஊர்கள் இருக்கும் யாழ்ப்பாணத் தீவகத்துக் கடலிலேயே இருக்கின்றன.

மூலோபாயத்துக்கு மேலிடம் கிடைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஆலோசனைத் தொழில் தொடங்கியது தொழிற்சாலைத் தரையில். பிரெடெரிக் டெய்லர் கையில் கடிகாரத்தோடு தொழிலாளரின் அசைவுகளை அளந்த காலத்தில் ஆலோசகர் என்றால் வேலை நடக்கும் இடத்தில் நிற்பவர். 1963இல் புரூஸ் ஹென்டர்சன் பொஸ்டன் கன்சல்டிங் குழுமத்தைத் தொடங்கியபின் காற்று திரும்பியது. சந்தைப் பங்கு, போட்டியாளர், முதலீட்டுப் பங்கீடு என்று நிறுவனத் தலைவரோடு நேராகப் பேசும் தொழிலாக அது உயர்ந்தது. கட்டணமும் கௌரவமும் கூடவே உயர்ந்தன. இலங்கையில் வர்த்தகம் படிக்கும் மாணவர் இந்த அடுக்கை வேறு வழியில் உள்வாங்குகிறார். யாழ்ப்பாணத்தில் உயர்தர வர்த்தகப் பிரிவு முடித்த பலர் எடுக்கும் சீமா எனும் முகாமைத்துவக் கணக்கியல் பரீட்சையில் செயற்பாட்டு நிலை, முகாமைத்துவ நிலை, மூலோபாய நிலை என மூன்று படிகள். முதற்படியில் இருப்பது செயற்பாடு. பரீட்சைக்கு அந்த ஒழுங்கு பொருந்தலாம். ஆனால் பத்தொன்பது வயதில் அதை ஏறும் பிள்ளைக்கு, செயற்பாடு என்பது சீக்கிரம் தாண்டிப்போக வேண்டிய இடம் என்ற எண்ணம் விழுந்துவிடுகிறது. கதிரையில் இருந்து கையெழுத்துப் போடும் உத்தியோகத்தை மேலென்றும், வெயிலில் நிற்கும் வேலையைக் கீழென்றும் பார்த்து வந்த நம் சமூகத்தில் அந்த எண்ணம் வேரூன்ற அதிக காலம் தேவையில்லை.

இப்போது நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கும், அங்கிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவுக்கும் போய், அதன் மேற்கு முனையான குறிகட்டுவானில் தரைவழி முடிகிறது. அதன்பிறகு படகுதான். நயினாதீவுக்குக் கால் மணிநேரம் அளவில் போய்ச் சேரலாம். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம், சோளகக் காற்றுக் காலத்தில் அதற்கும் கூட. ஒரு தீவின் எதிர்காலம் குறித்து எவ்வளவு உயர்ந்த திட்டம் வகுத்தாலும் அது இந்த ஒரு மணிநேரத்தைக் கடந்துதான் தீவுக்குள் போக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆசிரியர் பாடசாலையில் எத்தனை பாடம் எடுப்பார் என்பதைக் காலைப் படகின் நேரமும் பிற்பகல் படகின் நேரமும் தீர்மானிக்கின்றன. வைத்தியசாலைக்கு மருந்து எப்போது வரும், இரவில் நோய் கடுமையாகிய ஒருவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக முடியுமா, பிடித்த மீன் பழுதாகாமல் சந்தைக்குப் போகுமா என்பவையும் அப்படியே. கல்விக்கொள்கையும் சுகாதாரக்கொள்கையும் கொழும்பில் எழுதப்படுகின்றன. நெடுந்தீவில் அவற்றின் உண்மையான அளவை நிர்ணயிப்பது ஒரு நேர அட்டவணை. செயற்பாட்டாளர் கீழ்மட்ட வேலை செய்கிறார் என்று நினைப்பவர்கள் அந்த நேர அட்டவணையைப் போடுபவரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

குறிகட்டுவான் இறங்குதுறையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்பது நல்லது. படகுகள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். வெளியே நிற்கும் படகில் ஏற, உள்ளே நிற்கும் படகின் மேலால் கால்வைத்துக் கடக்க வேண்டும். சேலை கட்டிய அம்மாவுக்கும் தடியூன்றிய ஐயாவுக்கும் யாராவது கை கொடுப்பார்கள். அதே இடுக்கால் அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், சீமெந்துப் பை, சில நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் போகும். எதை முதலில் ஏற்றினால் படகு சரியாது, எந்தப் பாரம் அடித்தட்டுக்குப் போக வேண்டும், அலை எந்தப் பக்கத்தால் அடிக்கும்போது கயிற்றைத் தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் ஏற்றி இறக்குபவர்களின் கைகளுக்குத் தெரியும். ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழா தொடங்கினால் இதே துறை நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரைக் கடத்த வேண்டும். அதே தீவின் நாகவிகாரைக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகரும் இதே துறையால்தான் போகிறார்கள். வரிசை குலையாமல், எவரும் தண்ணீரில் விழாமல், கடைசிப் படகு இருட்டுமுன் திரும்பும்படி அந்தக் கூட்டத்தை நகர்த்துவதற்குக் கொள்ளளவு, திரும்பும் நேரம், உச்சநேர நெரிசல் என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். ஆலோசனை நிறுவனங்கள் பெரும் தொகைக்கு விற்கும் அறிவு இதுவே. பெயரும் வரைபடமும் இல்லாததால் நாம் அதை அறிவென்று எண்ணிப் பழகவில்லை.

ஒரு படகைக் கொண்டுவருவதும் அதை ஓட்டுவதும் வேறுவேறு திறமைகள். நெடுந்தீவுக் கடலில் குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர் தாங்கிய படகுகள் ஓடியிருக்கின்றன. குமுதினியின் பெயரைச் சொல்லும்போது 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட பயணிகளை நினைக்காமல் எவரும் கடந்துபோவதில்லை. அத்தனைக்கும் பிறகு அதே படகைத் திருத்தி மீண்டும் ஓட்டினார்கள், ஏனென்றால் தீவுக்கு வேறு வழியில்லை. இந்தப் படகுகளில் ஏதாவது ஒன்று திருத்தத்துக்குப் போய்விட்டது, மாற்றுப் படகு இல்லை என்ற செய்தி யாழ்ப்பாணப் பத்திரிகை வாசகர்களுக்குப் பழகிப்போனது. ஒரு படகை வாங்க நிதி தேடலாம், வெள்ளோட்ட விழா நடத்தலாம். எண்ணெய்ச் செலவு, உதிரிப்பாகம், ஓட்டுநரின் சம்பளம், வருடாந்தத் திருத்தம் என்பவற்றுக்கு விழா எடுப்பவர் இல்லை. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களின் பணத்தில் எழும் கட்டடங்களிலும் இதையே காண்கிறோம். பெயர்க்கல் பதிக்கும்வரை உற்சாகம் இருக்கிறது, அதன்பிறகு திறப்பு யாரிடம் இருக்க வேண்டும், மின்கட்டணம் யார் கட்டுவது என்று கேட்பதற்கு ஆளில்லை. போருக்குப் பின்னான வடக்கில் திட்ட அறிக்கைகளுக்கு ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை.

இது தீவகத்துக்கு மட்டும் உரிய குறையாக இருந்தால் இதிலிருந்து உலகளாவிய ஒரு தொழிலைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. ஆனால் சொன்னால் போதுமா, கூட நின்று நடத்த வேண்டுமா என்ற இதே கேள்வியை மிகுந்த கவனத்தோடு சோதித்த ஆய்வு ஒன்று இந்தியாவில் நடந்திருக்கிறது. நிக்கலஸ் புளூமும் அவருடைய சக ஆய்வாளர்களும் மும்பைக்கு அருகிலுள்ள துணி ஆலைகளில் அதைச் செய்தார்கள். 17 நிறுவனங்களின் 28 ஆலைகள். அக்சென்சர் நிறுவனத்தின் ஆலோசகர்கள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு மாதம் செலவிட்டு, எங்கே என்ன குறை, எதை மாற்ற வேண்டும் என்று கண்டறிந்து சொன்னார்கள். அதன்பிறகு ஒரு பகுதி ஆலைகளில் மட்டும் மேலும் நான்கு மாதங்கள் தங்கி, சொன்னதைச் செய்து முடிக்கக் கூடவே நின்றார்கள். மற்றவை அறிக்கையோடு விடப்பட்டன. கூடவே நின்ற ஆலைகளில் முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. மூன்று வருடங்களுக்குள் அந்த நிறுவனங்கள் புதிய ஆலைகளையும் திறந்தன. அறிக்கை மட்டும் பெற்ற ஆலைகளில் மாற்றம் சிறிதளவே. 2013இல் வெளியான இந்த முடிவைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இரு தரப்புக்கும் கிடைத்த நோயறிதல் ஒன்றே. அதற்குப் பின்வந்த நான்கு மாதங்கள்தான் இரண்டையும் பிரித்தன. அந்த மாதங்களில் நடந்தவையோ கவர்ச்சியற்ற காரியங்கள்: நூல் கட்டுகளைப் பிரித்து அடுக்குவது, இயந்திரத்துக்கு எண்ணெய் விட்ட நாளைப் பலகையில் எழுதுவது, துணியில் விழுந்த குறைகளை நாள்தோறும் எண்ணி அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போடுவது.

அந்த ஆய்வின் இன்னொரு பாதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதே ஆய்வாளர்கள் 2017இல் அந்த ஆலைகளுக்குத் திரும்பிப் போனார்கள். புகுத்திய நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. ஆலையின் முகாமையாளர் மாறிய இடங்களில், முதலாளிகளுக்கு நேரம் இல்லாத இடங்களில் அவை உதிர்ந்துபோயின. ஆயினும் மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னமும் இருந்தது. நடத்துவது ஒருமுறை செய்து முடித்துவிட்டுப் போகும் வேலை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். ஒப்பரேஷன்ஸ் ஆலோசகரின் வேலைகூட முழுமையான நடத்தல் அல்ல. அவரும் ஒருநாள் புறப்பட்டுப் போகிறவர்தான். ஆனால் தன் சொல் எங்கே நிலைத்தது, எங்கே உதிர்ந்தது என்று பார்ப்பதற்கு அவருக்கு வாய்ப்பு இருக்கிறது. ஸ்லைட்டுகளைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மூலோபாயம் என்று பின்னாளில் பெயர் பெறும் பல விஷயங்கள் நடத்தும்போதே பிறப்பவை என்பதற்கு ஹொண்டாவின் கதை நல்ல உதாரணம். 1975இல் பிரித்தானிய அரசாங்கத்துக்காகப் பொஸ்டன் கன்சல்டிங் குழுமம் எழுதிய அறிக்கை, அமெரிக்க மோட்டார் சைக்கிள் சந்தையை ஹொண்டா வென்றதைப் பெருந்தொகை உற்பத்தி, குறைந்த செலவு, திட்டமிட்ட சந்தைப்படுத்தல் என்ற ஒழுங்கான காரணங்களால் விளக்கியது. சில வருடங்கள் கழித்து ரிச்சர்ட் பஸ்கால் என்ற அறிஞர், அந்தக் காலத்தில் நேரில் நின்ற ஹொண்டா அதிகாரிகளிடமே போய்க் கேட்டார். 1984இல் அவர் எழுதிய கதை வேறு. 1959இல் லொஸ் ஏஞ்சலீஸுக்கு வந்தவர்கள் பெரிய வண்டிகளை விற்கவே எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் நீண்ட வீதிகளில் அவை எண்ணெய் ஒழுகிப் பழுதாகின. தங்கள் சொந்த அலுவல்களுக்கு அவர்கள் ஓட்டித் திரிந்த 50 சிசி சின்ன வண்டியைக் கண்டவர்கள் அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். பிறகுதான் ஹொண்டாக்காரர்கள் அதை விற்பதற்கு மனம் துணிந்தார்கள். முதற் கணக்கு பிழைத்துப்போனதை மறைக்காமல், வீதியில் கண்டதை நம்பினார்கள். தரையில் நின்றவர்களுக்குத்தான் அது கண்ணில் பட்டது. வெற்றிக்குப் பிறகு எழுதப்படும் விளக்கங்களில் இந்தத் தடுமாற்றங்கள் மறைந்து எல்லாம் முன்கூட்டியே வகுத்தது போலத் தோன்றும். அந்த விளக்கங்களைப் படித்து வளரும் மாணவர் வகுப்பவரே வெல்கிறார் என்று நம்புவதில் வியப்பில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் வலுவானது இது: திசை பிழைத்தால் எவ்வளவு சிறப்பாக நடத்தினாலும் பயனில்லை. தீவகமே இதற்கும் சாட்சி சொல்லும். தேசிய மின்வலையோடு இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் நான்கையும் சேர்த்த மின்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு 2021 ஜனவரியில் அது ஒரு சீன நிறுவனக் கூட்டுக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு அருகில் சீன நிறுவனமா என்று இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த வருட முடிவில் சீனத் தரப்பு அதை இடைநிறுத்தியது. 2022இல் இந்திய நன்கொடையில் செய்வதென்று புரிந்துணர்வு ஏற்பட்டு, 2024 மார்ச் 1ஆம் திகதி பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரிய ஒளி, 2,400 கிலோவாட் மணிநேர மின்கலம், 2,500 கிலோவாட் டீசல் என்பது அதன் அளவு. இத்தனை வருடங்களும் தீவில் டீசல் இயந்திரங்களைப் பராமரித்தவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்திருந்தாலும், படகில் ஏற்றிவரும் டீசலின் விலையை அவர்களால் குறைத்திருக்க முடியாது. மின்திட்டம் பற்றிய முடிவு டெல்லி, பெய்ஜிங், கொழும்பு என்ற மூன்று தலைநகரங்களிடம் இருந்தது. திசை என்பது உண்மையில் பெரிது என்று இதைக்கொண்டு எவரும் வாதிடலாம். நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் இதன் அருகில் தண்ணீரின் கதையை வைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாண கிளிநொச்சிக் குடிநீர்த் திட்டம் முதலில் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவதாக வகுக்கப்பட்டது. வரைபடத்தில் பார்த்தால் பிழை தெரியாது: ஓரிடத்தில் பெரிய குளம், இன்னோரிடத்தில் உவர் ஏறிய கிணறுகள், இடையில் ஒரு குழாய். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். எந்தப் போகத்தில் எத்தனை ஏக்கருக்கு நீர் எட்டும், வரட்சி வருடத்தில் குளம் எந்த மட்டத்துக்கு இறங்கும் என்பது வாய்க்காலைத் திறந்து மூடியவர்களுக்குத் தெரிந்திருந்தது. வருடங்கள் கழிந்தன. கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்குவதென்று மூலமே மாற்றப்பட்டு, தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. திசை மாறியது நல்லதே. அந்த மாற்றத்துக்கு வேண்டிய அறிவு வாய்க்கால் வரம்பில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அது மேசைக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது. திசை முக்கியம் என்ற மறுப்புக்கு என் பதில் இதுதான்: முக்கியம் என்பதாலேயே, நடத்திப் பார்க்காதவரிடம் அதைக் கொடுக்கக்கூடாது. மின்திட்டமும் அப்படியே. கையெழுத்தான நாளோடு மூலோபாயம் முடிந்துவிடும். உப்புக்காற்றில் காற்றாலையின் திருகாணி துருப்பிடிக்கும்போது, மின்கலத்தின் கட்டுப்பாட்டுக் கருவி நின்றுபோய் உதிரிப்பாகம் குறிகட்டுவானில் படகுக்குக் காத்துக் கிடக்கும்போது அந்தத் திட்டத்தின் வாழ்வு தொடங்கும்.

இரண்டாவது மறுப்பு தனிமனிதரின் நலன் பற்றியது. மூலோபாயப் பிரிவில் இருந்தால் கதவுகள் திறக்கும், ஒப்பரேஷன்ஸில் சிக்கினால் அங்கேயே கிடக்க வேண்டும் என்கிறார்கள். இந்திரா நூயி இதற்கு நல்ல முகம். சென்னையில் பிறந்து, யேலில் படித்து, 1980களில் பொஸ்டன் கன்சல்டிங் குழுமத்தில் ஆறு வருடங்கள் மூலோபாயம் பழகி, 1994இல் பெப்சிகோவின் மூலோபாயத் தலைவராகச் சேர்ந்து, 2006இல் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர். ஆனால் அமெரிக்காவுக்குப் போகும் முன்பே அவர் இந்தியாவில் ஜோன்சன் அண்ட் ஜோன்சனிலும் மெட்டூர் பியர்ட்செல் என்ற துணி நிறுவனத்திலும் பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலை பார்த்தவர் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுபக்கம், டிம் குக் 1998இல் அப்பிளுக்கு வந்ததே செயற்பாடுகளைக் கவனிக்க, 2011இல் தலைவரானார். மேரி பாரா டெட்ராயிட்டில் ஒரு கார் ஆலையின் முகாமையாளராக இருந்து 2014இல் ஜெனரல் மோட்டர்ஸின் தலைமைக்கு வந்தார். இரண்டு பாதைகளிலும் மேலே போனவர்கள் இருக்கிறார்கள், விதிவிலக்கானவர்களைக் காட்டி விதி சொல்ல எனக்கு விருப்பமில்லை. சாதாரண நிலையைப் பேசுவோம். மூலோபாயப் பிரிவின் சம்பளம் பல இடங்களில் கூடுதலாகவே இருக்கிறது. தங்கையின் படிப்பும் வீட்டுக் கடனும் தலையில் இருக்கும் ஒரு பிள்ளை அந்தச் சம்பளத்துக்காக அங்கே போனால் எவரும் குறை சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன். பணத்துக்காகப் போகிறோம் என்று தெரிந்து போவது ஒன்று. அங்கேதான் மூளை இருக்கிறது என்று நம்பிப் போவது வேறொன்று. நான் எதிர்ப்பது பின்னதை.

மூளையைப் பற்றிய அந்த நம்பிக்கைக்கு யாழ்ப்பாணத்தில் இடமே இருந்திருக்கக்கூடாது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்கள். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வாகனத் திருத்தகங்களில் நின்றவர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக இதைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். இது துன்பம் கற்பித்தது, மீண்டும் வேண்டுவதற்கில்லை. எனினும் கட்டுப்பாடுகளுக்குள் ஒரு முறைமையை இயங்க வைப்பதற்கு எவ்வளவு கூர்மையான சிந்தனை வேண்டும் என்பதை நம் மக்கள் தம் கையால் அறிந்தவர்கள். தெற்கின் நகரங்களிலெல்லாம் கடை போட்டு நடத்திய தீவகத்து வர்த்தகர்களும் அப்படித்தான். கொள்முதல், கடன், சரக்கு, வேலையாள் நான்கையும் ஒரே கல்லாப்பெட்டியிலிருந்து கவனித்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் செயற்பாட்டை மட்டமான வேலை என்று நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்க வைப்பது. ஆலோசனை நிறுவனங்களில் ஒப்பரேஷன்ஸ் என்பது நடைமுறையில் செலவுக் குறைப்பு, செலவுக் குறைப்பு என்பது ஆட்குறைப்பு, அந்தப் பாவத்தை ஏன் சுமக்க வேண்டும் என்று மனச்சாட்சியுள்ள இளையவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. இயந்திரங்களைச் சீராக்கப் போனவர் மனிதரைக் கணக்கெடுத்து வெளியே அனுப்பும் பட்டியலோடு திரும்பிய சம்பவங்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. ஆனால் மூலோபாயப் பிரிவு இதிலிருந்து தப்பியதல்ல. ஒரு தொழிலைக் கைவிடுங்கள் என்ற ஒற்றை ஸ்லைட்டால் ஒரு நகரத்தின் ஆலையே மூடப்படலாம். எழுதியவர் அந்த நகரத்தைக் கண்டிருக்கமாட்டார். தரையில் நிற்பவருக்கு வேலை இழக்கப்போகிறவரின் முகம் தெரியும், அவர் செய்யும் வேலையின் அருமை தெரியும், ஆளைக் குறைக்காமல் வீணைக் குறைக்க வழி இருக்கிறதா என்று தேட நேரமும் இருக்கும். கண்டும் செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்க முடியாது. ஆனாலும் முகம் தெரியாமல் முடிவெடுப்பதைவிடத் தெரிந்து எடுப்பது மேல் என்றே நினைக்கிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில் மாஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் ஒரு நாள், இயந்திர வரிசையின் வேகத்தை நிர்ணயிப்பவரின் கையில் இருக்கிறது. அந்தக் கை அவர்களை அறிந்த கையாக இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. எண்களுக்குள் ஒரு துறையின் போக்கைக் காணும் அபூர்வமான கண் சிலருக்கு இளமையிலேயே வாய்த்துவிடுகிறது, அவர்களைத் தொழிற்சாலையில் கட்டிப்போடுவது வீண். பத்து வருடம் ஒரு துறையை நடத்திவிட்டு ஆலோசனைக்கு வருபவரும் நேராக மூலோபாயத்துக்குப் போகலாம். அவர் கொண்டுவருவது புத்தக அறிவு அல்ல. நான் பேசுவது பட்டம் முடித்த கையோடு இரண்டில் ஒன்றைத் தேரும் சாதாரணமான, திறமையுள்ள இருபத்துமூன்று வயதுக்காரரைப் பற்றி. அவரிடம் தீர்ப்புச் சொல்லும் ஆற்றல் இன்னும் உருவாகவில்லை. அது உருவாக, தான் சொன்னது நடந்து, பிழைத்து, திருத்தப்பட்டு அவரிடமே திரும்பி வர வேண்டும். அந்தச் சுற்று ஒப்பரேஷன்ஸில் வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறது. மூலோபாயத்தில் அது முடிய வருடங்கள் ஆகும், அதற்குள் அவர் வேறொரு நிறுவனத்தில் இருப்பார்.

ஆகையால் நேர்முகத்துக்குப் போகும் தம்பி தங்கையருக்கு நான் சொல்லக்கூடியது, பிரிவின் பெயரை அதிகம் நம்பவேண்டாம் என்பதே. சில நிறுவனங்களில் ஒப்பரேஷன்ஸ் என்ற பெயரிலும் ஸ்லைட்டு வேலைதான் நடக்கிறது, சில சிறிய மூலோபாயக் குழுக்கள் வாடிக்கையாளரோடு ஒரு வருடம் கூட இருக்கின்றன. கேட்க வேண்டியவை வேறு. போன வருடம் முடித்த வேலைகளில் எத்தனைக்கு நீங்கள் திரும்பிப் போய்ப் பார்த்தீர்கள்? புதிதாகச் சேருபவர் முதல் ஆறு மாதத்தில் எத்தனை நாள் வாடிக்கையாளரின் களஞ்சியத்திலோ தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ நிற்பார்? உங்கள் பரிந்துரை பிழைத்துப்போன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லமுடியுமா, அதை யார் முதலில் கண்டுபிடித்தார்? மூன்றாவது கேள்விக்கு விபரத்தோடு பதில் சொல்லும் இடம் எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் இருந்தாலும் அங்கே சேரலாம்.